ஓநாய்க்கு எசப்பாட்டு

ஹூபர்ட் சம்லினைப் பாடகர் என்று யாரும் சொன்னதில்லை. பிற்காலத்தில் கொஞ்சம் பாடினார். தயங்கித் தயங்கி வரும் அந்த மெல்லிய குரலுக்காக எவரும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள். ஹவ்லின் வுல்ஃப் என்ற ப்ளூஸ் பாடகர் ஒருவருக்குப் பின்னால், 20 வருடத்துக்கும் மேலாக நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அந்த மனிதர் போன பிறகு இன்னும் 35 வருடம் உயிரோடு இருந்தார். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு மரபு. ப்ளூஸ் கிட்டார் என்றதும் பி.பி. கிங், ஆல்பர்ட் கிங், பட்டி கை என்று வரிசையாகப் பெயர்கள் வந்து விழும். எல்லாரும் பாடிக்கொண்டே வாசித்தவர்கள். சம்லின் பெயர் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

2011 நவம்பரில், அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 100 கிட்டார் கலைஞர்களின் பட்டியலை வெளியிட்டது. சம்லினுக்கு 43-ஆவது இடம். முதல் ஐந்து இடங்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ், கீத் ரிச்சர்ட்ஸ், ஜெஃப் பெக். இந்த ஐந்து பேருமே சம்லின் கிட்டார் வாசித்த ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, தங்கள் குழுவோடு வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. பட்டியல்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்த ஒரு கணக்கை அடிக்கடி நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

நான் அவரிடம் வந்து சேர்ந்ததும் நம் ஊரில் ராக் கேட்கிற எல்லாரும் வருகிற அதே சுற்றுவழியில்தான். முதலில் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் 'தி லெமன் சாங்' என்று ஒன்று உண்டு. அதன் தொடக்க ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, விடுதி அறையில் ஓயாமல் வாசித்து, கூட இருந்தவனின் சாபத்தை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் 1964-இல் சிகாகோவில் பதிவான 'கில்லிங் ஃப்ளோர்' காதில் விழுந்தது. அதே ரிஃப்தான், ஆனால் இங்கே அது துள்ளிக் குதிக்கிறது. செப்பலினிடம் இருந்த கனம் இதில் இல்லை, அலட்டலும் இல்லை. யார் இந்த ஆள் என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

1931 நவம்பர் 16-ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வுட் ஊர்ப் பக்கம் பிறந்தார். வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சா மாநிலத்தின் ஹியூஸ் என்ற சின்ன ஊரில். பருத்திக் காடு. முதலாளியின் நிலத்தில் வாரத்துக்கு உழைத்து, அறுவடைக் கணக்கு முடியும்போது கடனாளியாக வீடு திரும்பும் கறுப்பினக் குடும்பங்கள். எட்டு வயதில் கையில் ஒரு கிட்டார் வந்தது. அம்மா தன் ஒரு வாரச் சம்பளத்தை அப்படியே போட்டு வாங்கிக் கொடுத்தது. பேட்டி கொடுத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அவர் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய இன்னொரு கதையும் உண்டு. சிறுவனாக இருந்தபோது பக்கத்து ஊர் சாராயக்கடை ஒன்றில் ஹவ்லின் வுல்ஃப் பாட வருகிறார் என்று கேள்விப்பட்டுப் பையன் ராத்திரி வீட்டைவிட்டு நழுவிப் போயிருக்கிறான். வயது பத்தாது, உள்ளே விட மாட்டார்கள். வெளியே கிடந்த கோக்கோ கோலா பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். பெட்டிகள் சரிய, ஜன்னல் வழியாக உள்ளே, பாடிக்கொண்டிருந்தவர் மேலேயே போய் விழுந்தானாம். கடைக்காரர் விரட்ட வந்தபோது வுல்ஃப் தடுத்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். கச்சேரி முடிந்ததும் தானே வீட்டில் கொண்டுபோய் விட்டு, பையனை அடிக்காதீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ, எனக்குக் கவலையில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்தக் கதைக்குப் பொருத்தமாகத்தான் நடந்தது.

வுல்ஃபைப் பற்றிச் சொல்லாமல் சம்லினைப் பற்றிச் சொல்ல முடியாது. இயற்பெயர் செஸ்டர் ஆர்தர் பர்னெட். 1910-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், 300 பவுண்டை நெருங்கிய எடை. மிசிசிப்பி டெல்டா வட்டாரத்து ப்ளூஸின் மூத்த தலைமுறையான சார்லி பேட்டனிடம் நேரடியாகக் கிட்டார் கற்றவர். 40 வயதை நெருங்கும்வரை விவசாயம்தான் பிழைப்பு, பாட்டு சனி ஞாயிறுக்கு. பிறகு வெஸ்ட் மெம்ஃபிஸ் நகரின் கே.டபிள்யூ.ஈ.எம். வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். 1951-இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் அவரைப் பதிவு செய்தார். எல்விஸ் பிரெஸ்லியை உலகத்துக்குக் காட்டிய அதே சாம் ஃபிலிப்ஸ், தான் கண்டெடுத்தவர்களிலேயே பெரியவர் வுல்ஃப்தான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. தொண்டையில் ஜல்லி அரைபடுகிற மாதிரி ஆரம்பித்து, திடீரென்று மேலே எழும்பி ஊளையாக முடியும். பெயரே ஊளையிடும் ஓநாய்தானே.

பதின்ம வயதில் சம்லின், ஹார்மோனிகா கலைஞர் ஜேம்ஸ் காட்டனோடு சேர்ந்து மெம்ஃபிஸ் வட்டாரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். வுல்ஃப் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் நிலைகொண்ட பிறகு, 1954-இல் அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வேலை தேடி வடக்கே ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பையனுக்கு வேலை முன்பே தயாராக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்போது அவருக்கு வயது 22.

வந்தவுடன் முன்வரிசை கிடைத்துவிடவில்லை. அப்போது வுல்ஃபின் பிரதான கிட்டார்காரர் ஜோடி வில்லியம்ஸ். சம்லினுக்கு இரண்டாவது கிட்டார், பின்னணித் தாளம். அடுத்த வருடம் வில்லியம்ஸ் விலகியதும் சம்லின் மேலே வந்தார். 1956 ஜனவரியில் பதிவான 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்'கில் சம்லினோடு வுல்ஃபின் பழைய மெம்ஃபிஸ் கூட்டாளி வில்லி ஜான்சனும் வாசிக்கிறார். அந்தப் பாட்டின் மூர்க்கமெல்லாம் ஜான்சனுடையது. சம்லின் இன்னும் சம்லின் ஆகவில்லை.

அதே வருடம் ஒரு சங்கடமும் நடந்தது. சிகாகோவில் வுல்ஃபுக்கு நேர்ப் போட்டி மடி வாட்டர்ஸ். இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தில் பாடினார்கள், வில்லி டிக்ஸன் எழுதும் பாட்டுகளுக்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். சம்பளத்தை மூன்று மடங்காக்குகிறேன் என்று மடி வாட்டர்ஸ் ஆசை காட்ட, சம்லின் போய்விட்டார். வுல்ஃபுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மடி வாட்டர்ஸின் குழு ஊர் ஊராக, ராத்திரிக்கு ராத்திரி, நூற்றுக்கணக்கான மைல் காரோட்டி வாசிக்கிற குழு. சில மாதங்களில் அலுத்துப்போய் சம்லின் திரும்பிவிட்டார். பணம் அதிகம் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தவரை வுல்ஃபும் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் 1976 வரை சின்னச் சின்னக் கோபதாபங்களைத் தவிரப் பிரிவு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்லின் சம்லின் ஆனது எப்படி?

அவர் சொன்னபடி நடந்தது இது. மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வுல்ஃபுக்குப் பொறுக்கவில்லை. நீ என் பாட்டு மேலேயே ஏறி வாசிக்கிறாய், குரல் வெளியே வர விடமாட்டேன் என்கிறாய் என்று திட்டி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: அந்த பிக்கைக் கீழே வை. சம்லின் வீட்டில் உட்கார்ந்து, பிக் இல்லாமல் வெறும் விரல்களால் வாசித்துப் பார்த்தார். திரும்பிப் போனபோது வுல்ஃபுக்கு வேண்டியது கிடைத்திருந்தது. அதற்கப்புறம் சாகும்வரை அவர் கையில் பிக்கைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கிட்டார் தொடாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் போகலாம். பிக் என்பது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. அதை வைத்து வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே மாதிரி, கூர்மையாக, சத்தமாக வரும். வேகமும் சுலபம். மேலும் கீழுமாகக் கையை ஆட்டிக்கொண்டே போகலாம், அதனால் நிறுத்தத் தோன்றாது. விரலில் அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் கம்பியைத் தடவலாம், சுண்டலாம், கொக்கி போட்டு இழுத்துக் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் மேல் அறையவிடலாம், அடித்த கையோடு அதே விரலால் ஊமையாக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள்கூட வேறு வேறு கனத்தில் வரும். இது ஆம்ப் என்ற ஒலிபெருக்கி வழியாகப் போகும்போது இன்னும் துலக்கமாகும். மெதுவாகத் தொட்டால் சுத்தமான சத்தம், அழுத்தினால் அதே ஆம்ப் லேசாகக் கிழிந்து உறுமும். 50-களின் நடுவில் வந்த தங்க நிறக் கிப்ஸன் லெஸ் பால் கிட்டார்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதன் பி-90 பிக்கப்களுக்கு இந்த மாதிரி விரல் பேதங்களை அப்படியே பிடித்துக் கொடுக்கும் குணம் உண்டு.

நானும் பிக்கைப் போட்டுவிட்டு அவர் மாதிரி வாசித்துப் பார்த்திருக்கிறேன். சத்தம் ஓரளவுக்கு வரும், இடைவெளி வராது. எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதை விரல் கற்றுத் தராது.

வுல்ஃப் இன்னொன்றும் செய்தார். சிகாகோ கன்சர்வேட்டரி இசைப் பள்ளியில் ஒரு சாஸ்திரிய ஆசிரியரிடம் ஸ்கேல்களும் கீபோர்டும் படிக்க சம்லினை அனுப்பினார். தான் எழுத்துக் கூட்டிப் படிப்பதையே பெரியவரான பிறகு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட மனிதர் வுல்ஃப். படிப்பின் மேல் அவருக்கு அப்படியொரு மரியாதை. குழுவை நடத்திய விதமும் அப்படித்தான். மேடையில் குடிக்கக் கூடாது, நேரத்துக்கு வர வேண்டும். சம்பளத்தில் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒழுங்காகப் பிடித்தம் செய்தார். சிகாகோ ப்ளூஸ் குழுத் தலைவர்களில் இப்படிச் செய்தவர்கள் அபூர்வம். தெருவுக்கு ஒரு கலைஞன் வறுமையில் செத்துக்கொண்டிருந்த அந்த ஊரில், தன் ஆட்கள் வயதான காலத்தில் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்த முரட்டு மனிதர்.

முரட்டு மனிதர் என்பதை வெறும் அலங்காரமாகச் சொல்லவில்லை. ஒரு சண்டையில் சம்லினின் முன்பற்கள் போயின. வேலையை விட்டு நீக்குவதும் மறுபடி கூப்பிடுவதும் சகஜம். அப்பா மகன் மாதிரி என்று இரண்டு பேரையும் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், சம்லினும் அப்படித்தான் சொன்னார். நான் அந்த வார்த்தையை அவ்வளவு லேசாக விழுங்க மாட்டேன். அடிக்கிற அப்பாவும் அப்பாதான் என்பது வேறு விஷயம். சம்பளம் கொடுப்பவரும் தட்டிக்கொடுப்பவரும் பல்லை உடைப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த ஆளை விட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்க்கலாம். சம்லினின் பேட்டிகளில் ஆனால் கசப்பே இல்லை. எப்போதும் சிரித்துக்கொண்டே, நேற்று நடந்த மாதிரி, வுல்ஃபைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

சரி, பாட்டுக்கு வருவோம். 1960-இலிருந்து 1964 வரை செஸ் நிறுவனத்தில் பதிவான வுல்ஃப் பாட்டுகள்தான் சம்லினின் சொத்து. பெரும்பாலானவை வில்லி டிக்ஸன் எழுதியவை. 'ஸ்பூன்ஃபுல்' ஒரே கார்டிலேயே, சேர்ந்து ஒலிக்கும் ஒரே ஸ்வரக் கூட்டத்திலேயே, நிற்கிற பாட்டு. அது நகர்வதே இல்லை. நகர வேண்டியதில்லை, ஏனென்றால் வுல்ஃப் ஒரு வரியை உறுமி முடித்த இடத்தில் சம்லினின் கிட்டார் ஒரு சின்ன, கூர்மையான பதிலைப் போடுகிறது. ஒவ்வொரு முறையும் பதில் வேறு. சில இடத்தில் வரி முடிவதற்கு முன்பே குறுக்கே வருகிறது. சில இடத்தில் நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது வராமல் ஏமாற்றுகிறது.

எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். முதல் ஆள் ஒன்று சொன்னால் இரண்டாவது ஆள் அதையே திருப்பிச் சொல்வதில்லை, மடக்குகிறான், கிண்டலடிக்கிறான், இன்னும் ஒருபடி ஏற்றிவிடுகிறான். சிகாகோவில் மற்ற பாடகர்களுக்கு வாசித்த கிட்டார்காரர்களில் பலர் குரலை நிழலாகத் தொடர்ந்தார்கள். நன்றாகவே தொடர்ந்தார்கள். சம்லின் தொடரவில்லை. அத்தனை பெரிய குரலுக்குப் பக்கத்தில் இந்த ஒல்லி மனிதர் பயமில்லாமல் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என் பாட்டு மேல் ஏறாதே என்று சொன்ன வுல்ஃபுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் அடக்கச் சொன்னது சத்தத்தை. வாயை இல்லை.

1961-இல் பதிவான 'கோயிங் டவுன் ஸ்லோ' என் சொந்தப் பிடித்தம். சாவை எதிர்பார்த்துக் கிடக்கும் ஒருவன் தன் வாழ்ந்த கதையைச் சொல்லும் பழைய பாட்டு. வில்லி டிக்ஸன் இடையிடையே வசனமாகப் பேசுகிறார், வுல்ஃப் பாடுகிறார், இரண்டு பேருக்கும் நடுவில் சம்லின். பேச்சுக்கு ஒருவிதம், பாட்டுக்கு ஒருவிதம் என்று வாசிக்கிறார். டிக்ஸன் பெருமையடிக்கும்போது கிட்டார் உற்சாகமாக ஆமாம் போடுகிறது. வுல்ஃபின் குரல் வந்ததும் கம்பிகள் மேலிருந்து கீழே வழுக்கி இறங்குகின்றன. கழுத்துப் பகுதி முழுக்க விரலைச் சறுக்கவிடும் அந்தப் பாணி அவருடைய முத்திரை. எங்கே தொடங்கும், எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது.

தனி ஆவர்த்தனம் கேட்கிறவர்களுக்கு 1963-இல் வந்த 'ஹிட்டன் சார்ம்ஸ்' இருக்கிறது. நடுவில் சம்லினுக்கு விட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுத்தில் சொல்வது வீண்வேலை. தாளத்தின் மேல் ஓடி, தாளத்தைத் தாண்டி, விழுந்துவிடுவார் என்று நினைக்கும்போது சரியான காலில் வந்து நிற்கிறார். இதைக் காதால் கேட்டு அப்படியே எழுதி வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். ஸ்வரங்கள் கிடைத்துவிடும், அவற்றின் நேரம் கிடைக்காது.

அப்புறம் 'கில்லிங் ஃப்ளோர்'. 1964. பட்டி கை அதில் மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறார், பலருக்கு இது தெரியாது. மேலே சொன்ன ரிஃப் சம்லினுடையது. இரண்டு வருடம் கழித்து, 1966 அக்டோபரில், லண்டனுக்கு வந்து சில நாட்களே ஆன ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டனின் கிரீம் குழு வாசித்துக்கொண்டிருந்த மேடையில் ஏறி இதே பாட்டை அசுர வேகத்தில் வாசித்தார். கிளாப்டன் வாசிப்பதை விட்டுவிட்டு மேடையைவிட்டே போய்விட்டார் என்பது ராக் வரலாற்றின் பிரசித்தமான கதை. 1967-இல் மான்டரே இசைத் திருவிழாவில் ஹெண்ட்ரிக்ஸ் தன் கச்சேரியைத் தொடங்கியதும் இதே பாட்டில்தான். 1969-இல் லெட் செப்பலின் அதை 'தி லெமன் சாங்' ஆக்கி, தங்கள் பெயரையே போட்டுக்கொண்டார்கள். பதிப்புரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டு, 70-களின் தொடக்கத்தில் சமரசமாகி, பாட்டில் வுல்ஃபின் பெயரும் சேர்ந்தது.

சம்லின் பெயர் சேரவில்லை. சேராது. பாட்டின் வரியையும் மெட்டையும் எழுதியவருக்குத்தான் உரிமை, ஸ்டுடியோவில் கிட்டார் வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. ஆனால் எந்தப் பையன் கடைக்குப் போய்க் கிட்டார் வாங்கினாலும் முதலில் வாசித்துப் பார்ப்பது ரிஃப்பைத்தான், வரியை இல்லை. செப்பலினைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம். எனக்கு உறுத்துவது அதற்கும் முந்தைய ஏற்பாடு. ரிஃப் ஒரு படைப்பு என்று சட்டமும் வணிகமும் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதனால் சம்லின் மாதிரி ஆட்களிடம் யாரும் தனியாகத் திருட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

அமெரிக்கா கண்டுகொள்ளாததை ஐரோப்பா கொஞ்சம் கண்டுகொண்டது. 1964-இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் வுல்ஃபும் சம்லினும் வில்லி டிக்ஸனும் பியானோ கலைஞர் சன்னிலேண்ட் ஸ்லிம்மும் ஒரு பெரிய கூட்டத்தோடு ஐரோப்பா போனார்கள். சுவர் எழுப்பி மூன்று வருடமே ஆகியிருந்த கிழக்கு பெர்லினிலும் வாசித்தார்கள். சம்லின் தன் பெயரில் முதன்முதலாகப் பாட்டுகள் பதிவு செய்தது அந்தப் பயணத்தில், அந்த ஊரில்தான். சிகாகோவில் பத்து வருடம் வாசித்தவருக்குச் சிகாகோ தராத ஒலிவாங்கியை ஒரு கம்யூனிஸ்ட் தலைநகரம் தந்தது. அவற்றில் சிலது அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசித்தவை. பின்னால் நின்று மின்சாரத்தோடு வாசித்த மனிதர், தனியாக உட்கார்ந்து மரக் கிட்டாரில் விரல்களை ஓட்டுவதைக் கேட்டால், அவருக்குள் ஹியூஸ் ஊர்ப் பையன் பத்திரமாக இருந்தது தெரியும்.

1970 மே மாதம், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ. வுல்ஃபை அழைத்துவந்து பிரிட்டிஷ் ராக் நட்சத்திரங்களோடு ஓர் ஆல்பம் போடுவது என்று செஸ் முடிவு செய்தது. கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன், சார்லி வாட்ஸ். இவ்வளவு பேர் இருக்கும்போது சம்லினுக்கு எதற்கு விமானச் செலவு என்று நிறுவனம் நினைத்தது. அவர் வராவிட்டால் நானும் வரவில்லை என்று கிளாப்டன் பிடிவாதமாக நின்றார். அதனால் வந்தார். அந்த ஆல்பம் நன்றாக விற்றது. கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாகவும் இருக்கிறது. சம்லின் வாசிப்பது எங்கோ பின்னால் கேட்கிறது. அவரிடம் படித்த மாணவன் முன்னால் நின்று, அடக்கமாகவும் பயபக்தியோடும் வாசிக்கிறான். கிளாப்டனைக் குறை சொல்லவில்லை. அவர் அன்று செய்தது பெரிய காரியம். ஆனால் பயபக்தியோடு எசப்பாட்டுப் பாட முடியாது.

வுல்ஃபின் உடம்பு அதற்குள்ளேயே கெட்டிருந்தது. மாரடைப்பு, கார் விபத்து, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ். ஊருக்கு ஊர் போகும்போது முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டிய நிலை. 1976 ஜனவரி 10-ஆம் தேதி இறந்தார். சம்லினுக்கு அப்போது 44 வயது.

இந்த இடத்திலிருந்து கதை சோர்வடைகிறது, மறைக்க ஒன்றுமில்லை. சாக்ஸஃபோன்காரர் எடி ஷா தலைமையில் வுல்ஃபின் பழைய குழு தொடர்ந்தது. சில வருடம் அதில் இருந்தார். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரின் ஆன்டோன்ஸ் கிளப் அவரை ஆதரித்தது. அங்கே வளர்ந்துகொண்டிருந்த ஜிம்மி வான், ஸ்டீவி ரே வான் சகோதரர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம். பிறகு நெடுங்காலம் மில்வாக்கியில் வாழ்ந்தார். 80-களின் பின்பாதியிலிருந்து தன் பெயரில் அடிக்கடி ஆல்பங்கள் போட்டார். 1989-இல் வந்த ஒன்றில் பால்ய நண்பர் ஜேம்ஸ் காட்டன் கூட இருக்கிறார். இந்த ஆல்பங்களை மோசம் என்று சொல்ல மாட்டேன். பாடகராக அவரை முன்னால் நிறுத்தியதுதான் பிரச்சினை. தானே ஒரு வரி பாடிவிட்டுத் தானே அதற்குப் பதில் வாசிக்கும்போது, அந்தப் பதிலில் ஆச்சரியம் இல்லை. கேள்வி என்ன என்று அவருக்கு முன்பே தெரியுமே.

அதனாலேயே 'அபௌட் தெம் ஷூஸ்' ஆல்பம் தப்பித்தது. பதிவாகிச் சில வருடம் கிடப்பில் கிடந்து, 2005 வாக்கில்தான் கடைக்கு வந்தது. கீத் ரிச்சர்ட்ஸ், கிளாப்டன், தி பேண்ட் குழுவின் லெவன் ஹெல்ம், ஜேம்ஸ் காட்டன் எல்லாரும் இருக்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுகிறார். சம்லின் மறுபடியும் பக்கத்தில் நின்று பதில் சொல்கிறார், பழைய குறும்பு திரும்பி வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதில் நிறையப் பாட்டுகள் மடி வாட்டர்ஸுடையவை. 1956-இல் சில மாதத்தில் முடிந்துபோன வேலையை வயதான காலத்தில் முடித்துக் கொடுத்த மாதிரி. வுல்ஃப் இருந்திருந்தால் இன்னொரு பல் போயிருக்கும்.

2002-இல் ஒரு நுரையீரலை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் ஒன்பது வருடம் வாசித்தார். கிளாப்டன் நடத்திய கிராஸ்ரோட்ஸ் கிட்டார் விழாவில் 2007-இல் ராபர்ட் கிரே, ஜிம்மி வான் இருவரோடும் வாசிக்கும் காணொளியைத் தேடிப் பார்க்கலாம். தொப்பியும் கோட்டுமாக, வாய்நிறையச் சிரிப்பு. சுற்றி நிற்பவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் யாரையும் கவனிக்காமல் நினைத்த இடத்தில் நுழைந்து நினைத்த இடத்தில் வெளியேறுகிறார். 2008-இல் ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கிராமி விருதுக்கு நான்கு முறை பரிந்துரை, ஒருமுறையும் கிடைக்கவில்லை.

2011 டிசம்பர் 4-ஆம் தேதி நியூ ஜெர்சியில் இறந்தார், வயது 80. இறுதிச் சடங்குச் செலவு முழுவதையும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் ஏற்றுக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் வந்தது. ராக் இசையின் பாதி அஸ்திவாரத்தைப் போட்ட ஒருவரின் சவச் செலவுக்கு மாணவர்கள் பணம் போட வேண்டியிருந்தது ஏன்? இரண்டு மாதம் கழித்து, 2012 பிப்ரவரியில், நியூயார்க் அப்பல்லோ தியேட்டரில் அவர் பெயரில் ஒரு கச்சேரி நடந்தது. கிளாப்டன், ரிச்சர்ட்ஸ், பட்டி கை எல்லாரும் வாசித்தார்கள். வசூலான பணம் வயதான, வசதியில்லாத ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்குப் போனது. வுல்ஃப் சம்பளத்தில் பிடித்தம் செய்தது எதற்காகவோ, அதே காரியம்தான்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் யோசனை இது. சம்லின் பெயர் போட்ட ஆல்பங்களில் ஆரம்பிக்காதீர்கள். அட்டையில் ஆடும் நாற்காலியும் கிட்டாரும் இருக்கும் வுல்ஃபின் 1962 ஆல்பத்தை எடுங்கள். 'ஸ்பூன்ஃபுல்', 'ஷேக் ஃபார் மீ', 'கோயிங் டவுன் ஸ்லோ' மூன்றும் அதில் இருக்கின்றன. முதல் தடவை வுல்ஃபின் குரலை மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் அன்றைக்குக் காதில் ஏறாது. இரண்டாவது தடவை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, குரல் நிற்கிற இடங்களில் மட்டும் கவனம் வையுங்கள். அது பிடித்துப்போனால் 'ஹிட்டன் சார்ம்ஸ்', அப்புறம் 'கில்லிங் ஃப்ளோர்'. லண்டன் ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதில் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' எப்படி வாசிக்க வேண்டும் என்று கிளாப்டனுக்கும் மற்றவர்களுக்கும் வுல்ஃப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒத்திகைப் பேச்சையும் அப்படியே பதிவு செய்து போட்டிருக்கிறார்கள். அந்த அறையில் பாடம் தேவைப்படாத ஒரே கிட்டார்காரர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.